பேய்க்கதையும் வதந்தியும்: பதின்வயதினர் விரும்பும் அமானுஷ்ய மர்மக்கதைகள் எப்படி இயங்குகின்றன?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பேய்க்கதை கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. ஆனாலும் தரம் ஒன்பதில் படிக்கும் மகள் அதே வகைக் கதையைப் புத்தகமாகவோ கைப்பேசியிலோ வாசிப்பதைக் கண்டால் வீட்டில் பேச்சு எழும். இரவில் பயப்படுவாளே என்று அம்மா கவலைப்படுவார். இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பார் விஞ்ஞானம் படித்த மாமா. மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று வேறொரு வீட்டில் சொல்வார்கள். மூன்று எதிர்ப்புக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான்: பேய்க்கதை வாசிப்பவர் பேயை நம்புகிறார், அல்லது நாளடைவில் நம்பிவிடுவார்.

அந்த எண்ணம் பெரும்பாலும் பிழை. நல்ல அமானுஷ்ய மர்மக்கதை நம்பச் சொல்வதில்லை, விசாரிக்கச் சொல்கிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விசாரிக்க இடமே தராமல் வாய்க்கு வாய் பரவும் பேய்ப்பேச்சுத்தான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் உண்மையான கேட்டை விளைவித்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, கதை எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

## பேய்க்கதை, மர்மக்கதை, இரண்டும் சேர்ந்தது

பேய்க்கதையின் உயிர் அச்சம். வருவது யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தாலும் கதை நடக்கும். மர்மக்கதையின் உயிர் தேடல். ஏதோ நடந்துவிட்டது, காரணம் மறைந்திருக்கிறது, துப்புகளைக் கோத்து ஒருவர் அதைக் கண்டுபிடிக்கிறார். அமானுஷ்ய மர்மக்கதையில் இரண்டும் சேர்கின்றன. நடந்ததற்குக் காரணம் மனிதரா, மனிதருக்கு அப்பாற்பட்ட ஒன்றா என்ற ஐயத்தை அது கடைசிவரை இழுத்துச் செல்லும். அந்த ஐயம் தீரும் விதத்தைக் கொண்டு இக்கதைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பேய் இல்லை. காணியை அடிமாட்டு விலைக்கு வாங்கவோ கடத்தலை மறைக்கவோ யாரோ கிளப்பிவிட்ட புரளி அது.

2. பேய் உண்டு. ஆனால் அது யார், ஏன் போகாமல் நிற்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்பவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

3. இரண்டுக்கும் சான்று உண்டு. தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிட்டுக் கதை முடிகிறது.

முதல் வகை எளிதாகத் தோன்றும், ஆனால் அதிகம் சொதப்பப்படுவதும் அதுதான். கதை முழுக்கச் சுவருக்குள் புகுந்து வெளியே வந்த உருவம் கடைசிப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய திருடனாக மாறினால், பதினான்கு வயது வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். சுவருக்குள் எப்படிப் புகுந்தான் என்பதற்கு விடை இல்லையே! மூன்றாம் வகை இப்போது மிகுதியாக எழுதப்படுகிறது. முடிக்கத் தெரியாதவர்களுக்கும் அது ஒதுங்கிடமாகிவிட்டது என்பது என் கணிப்பு. சான்றுகள் இரண்டு பக்கமும் சம எடையில் இருந்தால்தான் தீர்ப்பை விட்டுச்செல்ல எழுத்தாளருக்கு உரிமை உண்டு.

எந்த வகையானாலும் அமானுஷ்யத்துக்கு ஒரு விதி வேண்டும். எதையும் செய்ய வல்ல பேயால் பயமுறுத்த முடியாது. விதிக்கு நல்ல எடுத்துக்காட்டு மட்டக்களப்பின் களவெட்டியிலேயே இருக்கிறது. சூடடிக்கும் களத்தில் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போகும் என்பது பழைய நம்பிக்கை. அதற்காகக் களத்தில் நிற்பவர்கள் வழக்கமான சொற்களைத் தவிர்ப்பார்கள். நெல்லைப் பொலி என்பார்கள், மாட்டுக்கும் கடகத்துக்கும் சுளகுக்கும் வேறு பெயர் வைத்திருப்பார்கள். பேச்சு விளங்காவிட்டால் பூதத்தால் எடுக்க முடியாது. இப்போது ஒரு கதையை எண்ணிப் பாருங்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன் களத்தில் நின்றுகொண்டு வாய் தவறி நெல் என்று சொல்லிவிடுகிறான். மறுநாள் பொலி குறைந்திருக்கிறது. அள்ளியது பூதமா, அவன் சொன்னதைச் சாட்டாக வைத்துப் வயல் சொந்தக்காரரான போடியாரின் ஆட்களில் ஒருவனா? விதி தெளிவாக இருப்பதால் ஐயமும் கூர்மையாகிவிடுகிறது.

## இந்த வயதில் ஏன் இவ்வளவு ஈர்ப்பு?

அச்சம், கிளர்ச்சி போன்ற உணர்வுகளுக்கு மூளை பதின்வயதில் வேகமாகத் துலங்கும். அவற்றை நிறுத்தி நிதானிக்க வைக்கும், மூளையின் நெற்றிப்பக்கப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். ஆகவே பயத்தைப் பாதுகாப்பான இடத்தில் சுவைத்துப் பார்க்கும் ஆசை இந்த வயதில் இயல்பானது. அளவுதான் முக்கியம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயமுறுத்தும் கேளிக்கை வீடு ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தவர்களும் மிகக் கூடியவர்களும் குறைவாகவே மகிழ்ந்தார்கள். இடைப்பட்ட பயமே இன்பம் தந்தது. புத்தகத்தில் அந்த அளவை வைப்பவர் வாசகரேதான். வேகத்தைக் குறைக்கலாம், பக்கத்தைத் தாண்டலாம், மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். திரைப்படத்தில் அந்தப் பிடி குறைவு.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கண்டுகொள்ளும் வயது இது. பேய்க்கதைகளில் பூட்டிய அறையின் சாவி பெரியவர்களிடம் இருக்கும். ஏன் பூட்டினார்கள் என்று கேட்பது எப்போதும் இளையவர்தான். அப்பம்மா பேச்சை மாற்றும் இடத்தில் கதை பிறக்கிறது.

## வாவிக்கரையின் மூன்று மர்மங்கள்

மந்திரத்துக்குப் பெயர்போன ஊர் என்று மட்டக்களப்பைப் பற்றி ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் கேலி பேசுவார்கள். விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று இங்குள்ளோர் சமாளிப்பதும் உண்டு. கேலி கிடக்கட்டும். அமானுஷ்ய மர்மக்கதைக்கு வேண்டிய பொருள் இந்த நிலத்தில் உண்மையிலேயே நிறைய இருக்கிறது. மூன்றை மட்டும் பார்ப்போம்.

பாடும் மீன். முழுநிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் இசை போன்ற ஒலி கேட்கும் என்பது ஊர் அறிந்தது. 1920களில் கட்டப்பட்ட அந்தப் பழைய பாலத்துக்கும் முந்தியது இந்த அனுபவம். பிரித்தானிய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்தபோது அந்த ஒலியைக் கேட்டார். நனைந்த விரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வுக்கு அதை ஒப்பிட்டு எழுதினார். ஊரவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தையை. 1950களில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் நீருக்குள்ளிருந்து வரும் ஒலியைப் பதிவு செய்தார். ஆக ஒலி உண்மை. சந்தேக நபர்கள் மூவர்: மீன், ஊரி, கற்பாறைகளுக்கிடையே ஓடும் நீர். சான்று கையில் இருக்க ஆள் மட்டும் பிடிபடாத இந்த வழக்கைவிடப் பொருத்தமான மர்மக்கதை மாதிரி எங்கே கிடைக்கும்?

கொள்ளிவாய்ப் பேய். சதுப்பிலும் வயல்வெளியிலும் இரவில் தோன்றி அலையும் தீ. தாவரங்கள் காற்றுப் புகாத சேற்றில் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகும். அதோடு பொசுபரசு கொண்ட வாயுக்கள் கலந்தால் காற்றுப் பட்டவுடன் பற்றிக்கொள்ளலாம் என்பது வழமையாகத் தரப்படும் விளக்கம். மீதேன் தானாகப் பற்றுவதில்லை, ஆகவே தீயை மூட்டியது எது என்பதே இதில் நுட்பமான கேள்வி. நல்ல கதை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (இக்காலத்தில் வாவியில் தெரியும் கொள்ளிவாய்களில் பெரும்பாலானவை தலையில் எல்.ஈ.டி. விளக்குக் கட்டிய இறால்காரர்கள் என்பதையும் சொல்லிவைக்கவேண்டும். இருட்டில் நீர்ப்பரப்புக்கு மேலே தூரத்தையும் வேகத்தையும் கண்ணால் மட்டுக்கட்ட முடியாது.)

பேய் அமுக்குதல். விழிப்பு வந்துவிடுகிறது, கண் திறக்கிறது, கைகால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இதை மருத்துவம் உறக்க முடக்கம் என்கிறது. கனவு காணும் உறக்கக் கட்டத்தில், கனவில் ஓடுவதை உடல் செய்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கனவின் உருவங்கள் அறைக்குள் வந்து நிற்கும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காடு, மாணவர்களிடையே ஏறத்தாழ 28 விழுக்காடு. உறக்கக் குறைவும் ஒழுங்கற்ற உறக்க நேரமும் மல்லாந்து படுப்பதும் அதைத் தூண்டும். சாதாரணதரப் பரீட்சைக்கு முதல் மாதம் நம் வீடுகளில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். நெஞ்சில் ஏறிய பேயை விளக்கி எழுதிய ஒரு கதை, அதைத் தனியே அனுபவித்துப் பயந்துபோன பிள்ளைக்குச் செய்யும் உதவி பெரியது. தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது.

## ஒரே இருட்டு, இரண்டு நம்பிக்கை

இந்தக் கரையில் ஒரு தமிழூர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர் என்று அடுத்தடுத்து வருகின்றன. ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் ஒரே கதையைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் ஒரே உருவம் எழாது. சைவ வீட்டில் பேய் என்றால் பெரும்பாலும் இறந்த ஒருவர். ஆசை தீராமலோ, அகாலமாகவோ, செய்யவேண்டிய கிரியை நடக்காமலோ போனவர். அதனால் கதையின் கேள்வி, இவர் எப்படி இறந்தார் என்பதாக அமையும். இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் இறந்த மனிதரே அல்ல. நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட தனிப் படைப்பு அது. அவற்றிலும் நல்லவை உண்டு, கெட்டவை உண்டு. அங்கே இவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு வேலை இல்லை. நாம் யாருடைய இடத்துக்குள் நுழைந்தோம் என்பதே கேள்வி.

இதைக் கவனிக்காமல், செத்தவரின் ஆவி பள்ளிவாசல் வளவில் அலைவதாக எழுதினால் சாய்ந்தமருதுவிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள வாசகர் முதல் பக்கத்திலேயே விலகிவிடுவார். கவனித்து எழுதினால் அதுவே கதைக்குப் பலம். ஒரே பாழ்வீட்டைப் பற்றி இரண்டு நண்பர்கள் இரண்டு கேள்விகளோடு தேடப் போவார்கள், துப்புகளும் இரண்டு மடங்காகும்.

## 2011: கதை அல்லாத பேய்

2011 ஆகஸ்ட்டில் இலங்கையின் பல மாவட்டங்களில் கிறீஸ் பூதம் பற்றிய பீதி பரவியது. மர்ம மனிதன் என்றும் சொன்னார்கள். உடம்பில் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் பெண்களைத் தாக்கிவிட்டு, பிடித்தவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறான் என்பதே பேச்சு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊர்கள் விழித்துக் காவல் இருந்தன, அந்நியர்கள் சந்தேகிக்கப்பட்டார்கள், பொத்துவில் போன்ற இடங்களில் மக்களும் பாதுகாப்புத் தரப்பும் மோதிக்கொண்டார்கள். தப்பி ஓடியவன் படைமுகாமுக்குள் புகுந்தான் என்று பல ஊர்களில் மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். புத்தளத்தில் கூட்டம் தாக்கியதில் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார்.

அமானுஷ்யக் கதையின் எல்லா உறுப்புகளும் அதில் இருந்தன: இரவு, மனிதனா பூதமா என்ற ஐயம், பிடிபடாத உருவம். ஆனால் அது கதையாக இயங்கவில்லை. ஏன் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

1. கதைக்கு ஒரு சட்டகம் உண்டு. அட்டை, பெயர், இது புனைவு என்ற உடன்பாடு எல்லாம் வாசகருக்கு முன்னரே தெரியும். கைப்பேசியில் வந்த செய்தியில் அந்த உடன்பாடு கிடையாது.

2. கதையில் துப்புக்கு மதிப்பு உண்டு. காலடித் தடம் எந்தப் பக்கம் போனது என்று ஒருவர் குனிந்து பார்ப்பார். வதந்தியில் குனிந்து பார்ப்பவரே சந்தேகத்துக்கு ஆளாவார்.

3. கதை முடியும். வதந்தி முடிவதில்லை, ஊர் மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த வருடத்துப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. போர் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. இரவில் வந்து கதவைத் தட்டியவர்களின் நினைவு வீடுகளில் இருந்தது. முறைப்பாட்டை யாராவது நேர்மையாக விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கை மக்களிடம் இல்லை. விசாரணை நடக்காத இடத்தைப் பூதம் நிரப்பியது. அன்று ஏழெட்டு வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதை இளையோருக்கான மர்மக்கதையாக எழுதினால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

## எந்த வயதுக்கு எது?

கறாரான விதி கிடையாது. 12, 13 வயதில் முதல் வகை, அதாவது காரணம் கடைசியில் வெளிப்படும் கதை, நன்றாகப் பிடிக்கும். 15க்கு மேல் தீர்ப்பில்லாத முடிவைத் தாங்குவார்கள், விரும்பவும் செய்வார்கள். பேயைவிட வன்முறையின் விவரிப்பையே பெற்றோர் கவனிக்கவேண்டும். உடலைச் சிதைப்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவது அமானுஷ்யமும் அல்ல, மர்மமும் அல்ல. மோகினிக் கதைகளில் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை இரண்டு வரியிலும் அவள் பழிவாங்கும் கோரம் இருபது பக்கத்திலும் வருவதுண்டு. அவளுக்கு அதைச் செய்தது யார் என்று கதை கேட்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கதைக்குப் பிறகு இரண்டு மூன்று இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு படுப்பது இயல்பு. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டால், பாடசாலைக்குப் போக மறுத்தால், புத்தகத்தைப் பறித்துவைப்பதோடு நிற்கக் கூடாது. வேறு ஏதோ பயம் பேயின் பெயரில் பேசுகிறதா என்று கேட்டு, வேண்டுமானால் வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும். பேய் பிடித்தது என்று சொல்லி அடிக்கவோ புகை போடவோ தொடங்குவது எந்த வயதுக்கும் ஆகாது.

## இறந்தவரும் காணாமல் போனவரும்

இங்கே எழுதுபவருக்கு வேறெங்கும் அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பாழ்வீடு பேய்க்கதையின் பழைய அரங்கு. ஆனால் இந்தக் கரையில் பாழ்வீடுகள் பல, சிலருக்கு நன்றாகத் தெரிந்த காரணத்தால் பாழானவை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மட்டக்களப்பில் நாவலடி அழிந்தது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை.

சுனாமியில் இறந்தவரைக் கதையில் பேயாக்குவதில் மனம் நோகும் ஆபத்து இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவரைப் பேயாக்குவதில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பேய் ஆவதற்கு முதலில் இறந்திருக்கவேண்டும். புகைப்படத்தை ஏந்தித் தெருவில் நிற்கும் தாய் ஏற்க மறுப்பது அந்த ஒரு செய்தியைத்தான். மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயின் மகனை ஆவியாகக் கூடத்தில் நடக்கவிட்டால், அரசும் ஆயுதக்குழுக்களும் சொல்லாமல் விட்ட முடிவை ஒரு சிறுவர் கதை சொல்லிவிடும்.

அதற்காக இந்தப் பொருளைத் தொடவே கூடாது என்று ஆகாது. ஏன் இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விடை தேடும் கதை ஒன்று கிடைக்கத்தான் வேண்டும். இரண்டு மூன்று வழிகள் தெரிகின்றன. ஊரையும் வீட்டையும் அடையாளம் தெரியாதபடி மாற்றலாம். அமானுஷ்யத்தை ஆளிடம் வைக்காமல் பொருளிடம் வைக்கலாம். நின்றுபோன மணிக்கூடு ஓடத் தொடங்குவது, வானொலிப் பெட்டியில் பழைய மரண அறிவித்தல் கேட்பது போன்றவை யாரையும் இறந்தவராக அறிவிப்பதில்லை. காணாமல் போனவரை வரவழைக்காமல், அவரைத் தேடுகிற பேத்தியின் கையில் துப்புகள் மட்டும் வந்து சேரும்படியும் கதையை அமைக்கலாம்: ஒரு துவிச்சக்கரவண்டி அனுமதிப் பத்திரம், முகாம் பதிவேட்டின் கிழிந்த பக்கம், அதில் தாத்தாவின் பெயருக்கு மேலே எழுதியிருக்கும், இன்னும் ஊரில் இருக்கிற ஒருவரின் பெயர்.